தலையில் பதினொரு கிலோ

காலை எட்டுக்கு முதல் வேலை
ஆருமில்லாத தட்டைப் பூச்சியமாக்குவது.
நிலத்தோடு நிலமாய்ப் பதித்த விசைத்தட்டு.
ஒருவரும் ஏறாதபோதும்
நான்கு நியூட்டன், ஐந்து நியூட்டன் என்று
எதையோ சுமந்துகொண்டு கிடக்கும்.
வாவிப்பக்க ஈரம் என்பார் ஹிஷாம்.
தெருவில் லொறி போனால் இன்னும் கொஞ்சம் கூடும்.
நான் காரணம் கேட்பதில்லை. பொத்தானை அமத்துவேன்.

பிறகு எட்டுக் கமராக்களுக்கும்
கோலை வீசிக் காட்ட வேண்டும்,
மூலைக்கு மூலை, முழங்கால் உயரத்தில், தலை உயரத்தில்,
பேயோட்ட வந்தவன் வேப்பிலை வீசுவதுபோல.
யன்னலுக்குக் கறுப்புத் துணி.
வெயில் ஒரு கீற்று நுழைந்தாலும்
கணினி அதை ஆரோ ஒருவரின் முழங்கால் என்று
நம்பிவிடும்.

களுதாவளையிலிருந்து நேசம்மா வந்தா.
வயது நாற்பத்தேழு. வலது கால், முழங்காலுக்குக் கீழே.
காரணம் என்ற கட்டத்தில் நான் பேனை வைக்க முதலே
"சீனி" என்றா.
"எல்லாரும் கண்ணிவெடியா எண்டுதான் கேக்கிற.
வெடியெண்டா ஒரு மரியாதை கிடக்கு போல."

கடலையளவு சாம்பல் பந்துகள், பதினாறு,
இடுப்பில், தொடையில், குதியில், பொய்க்காலில் ஒட்டினோம்.
திரையில் பதினேழு மினுங்கின.
மூக்குத்தி.
கழற்றமாட்டேன் என்றா.
அஸ்மிலா அதன்மேல் பிளாஸ்டர் துண்டொன்று ஒட்டினா.

நடந்தா. ஆறு மீற்றர் போய், திரும்பி ஆறு மீற்றர்.
இடது காலின் கோடு
எழும்பி, குழிந்து, மறுபடி எழும்பியது.
வலது காலின் கோடு பாதியில் களைத்து இருந்துவிட்டது.
சொக்கற் இறுக்கம் என்றார் ஹிஷாம்.
இடுப்புத் தசை என்றா அஸ்மிலா.
ஆளுக்கொரு வரைபடம் விரித்துக்கொண்டார்கள்.
நாலாந்தரம் நடந்து முடிய
கதிரையில் இருந்து காலைத் தடவிக்கொண்டு
அவவே சொன்னா:
"நோகல்லகா. இது தேஞ்சா அடுத்தது எப்ப வரும்?
முந்தினதுக்கு எட்டு மாசம் காத்துக்கிடந்த நான்.
பாத்துப் பாத்துத்தான் வைக்கிற."

சிக்கனத்தை அளக்கும் கருவி
எங்கள் அறையில் இல்லை.
விலைப்பட்டியல்களிலும் நான் கண்டதில்லை.

"சந்தைக்குப் போறமாதிரி நடங்க" என்றா அஸ்மிலா.
"அதுக்கு வெத்திலைக் கூடை வேணுமே."

கூடைக்கு எங்கே போவது?
பிளாஸ்ரிக் பேசின் ஒன்று கிடந்தது.
பயிற்சிக்கு வைத்திருந்த மணல் பைகளை
ஒவ்வொன்றாய் அடுக்கினேன்.
"இன்னும். இன்னும் வையி மனே. இது கூடையா?"
பதினொரு கிலோவில் தலையாட்டினா.
துவாயைச் சுருட்டிச் சும்மாடு வைத்துக்கொண்டா.

ஏற்றியதும் கழுத்து நிமிர்ந்தது.
இணைகம்பிப் பக்கம் திரும்பியும் பார்க்காமல்
ஒரு கையை வீசிக்கொண்டு
ஆறு மீற்றரை ஆறு மீற்றராகவே மதிக்காமல் போனா.
திரையில் இரண்டு கோடுகளும்
கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்று படுத்தன.

தட்டு பழுதென்று ஹிஷாம் சொன்னார்.
பூச்சியமாக்கினோம். மறுபடி நடந்தா.
மறுபடி அதேதான்.
"சுமைய வச்சிக்கொண்டு
காலப் பாத்து நடக்கேலுமா?" என்று
எங்களைத்தான் கேட்டா.

படிவத்தில் அதற்கு நிரல் இல்லை.
ஓரத்தில் கையால் எழுதினேன்:
நிபந்தனை, தலையில் பதினொரு கிலோ.

பின்னேரம் பந்துகளை எண்ணினால் பதினைந்து.
பாயைப் புரட்டினேன். தட்டின் இடுக்கில் ரோச் அடித்தேன்.
பொறுப்பேட்டில் இருப்பது என் கையெழுத்து.
விலையை நினைத்து இரவு சரியாய் நித்திரையில்லை.
அடுத்தநாள் போன் எடுத்தேன்.

"ஓம், கால்லதான் கிடக்கு, பின்பக்கமா.
விடியச் சந்தைக்குப் போகக்க
கல்முனை ரோட்டில பஸ்காரன்
தூரத்திலேயே லைற்றக் குறைச்சு விலத்திப் போறான்.
மனே,
மற்றக் காலுக்கும் ஒண்டு தர ஏலுமா?"

பொறுப்பேட்டில் 'காணவில்லை' என்பதை வெட்டி
'பாவனையில்' என்று எழுதினேன்.
மற்றக் காலைப் பற்றி
இன்னும் ஒன்றும் எழுதவில்லை.